நம் பிள்ளைகள் செலவழிக்கும் விதம்: குமரி மாவட்டத்து வீடுகளில் என்ன மாறியிருக்கிறது?

தக்கலை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் பழைய வீட்டின் பரணைச் சுத்தம் செய்தபோது என் அப்பாவின் கணக்கு நோட்டுகள் மூன்று கிடைத்தன. அப்பா தக்கலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். கடைக்கணக்கை எழுதி முடித்து வந்து, ராத்திரி வீட்டுக் கணக்கையும் எழுதுவார். நீளவாக்கில் தைத்த அந்த நோட்டு அடுக்களை வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். ஒரு பென்சில் நூலில் கட்டிக் கிடக்கும். 1971-ஆம் ஆண்டு நோட்டின் ஒரு பக்கத்தில் "மரச்சீனி 0.60, சாளை மீன் 0.50, மண்ணெண்ணெய் 0.45, பிள்ளைக்கு நோட்டு 0.30, சீட்டு 10.00, சாயா 0.30" என்று இருக்கிறது. அந்தச் சாயாவுக்குப் பக்கத்தில் என் அம்மை பென்சிலால் ஒரு சுழி போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் சாயா 0.15 ஆகிவிட்டது. அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு நடந்ததா என்று எனக்கு நினைவில்லை. சுழியே போதுமாக இருந்திருக்கும்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் அந்த நோட்டு மட்டுமல்ல. அதே வாரத்தில்தான் என் மகள் கைபேசிச் செயலி, கடன் அட்டை, தவணை என்று மூன்று கடன்கள் வாங்கியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவந்தது. அவளுக்கு இருபத்தேழு வயது; திருவனந்தபுரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் மாதம் 34,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு தவணை தவறியதால், தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் என்னை அழைத்து, அவள் பெயரைச் சொல்லி, பணம் எப்போது வரும் என்று கேட்டார். மூன்றும் சேர்ந்து 1,10,000 ரூபாய். அவள் ஊதாரி அல்ல. சிறு வயதிலிருந்து ஒரு மிட்டாயைக்கூட இரண்டாக்கித் தம்பிக்குக் கொடுத்த பிள்ளை. என்ன வாங்கினாய் என்று கேட்டேன். ஒரு கைபேசி, தோழிகளோடு மூணாறுக்கு ஒரு பயணம், அதோடு எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் குளிர்சாதனப் பெட்டி. நான் ஓய்வு பெற்ற ஆண்டில் அவள் "முதல் போனஸில் வாங்கினேன்" என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்த பெட்டி அது. அதை அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! போனஸ் என்று ஒன்று அந்த ஆண்டு வரவே இல்லை என்று இப்போதுதான் சொன்னாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மகளைப் பார்த்த பிறகு அது சரியான விளக்கம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவின் காலத்தில் செலவு வீட்டின் நடுவில் தொங்கியது. ஒன்பது வயதில் எனக்கே அதை எட்டி வாசிக்க முடிந்தது. என் மகளின் செலவு அவளுடைய கைவிரல் ரேகைக்குள் இருக்கிறது. மாற்றம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள். இளைய தலைமுறையினரும் தயங்காமல் எழுத வேண்டும்.

தோவாளை பூ வியாபாரி:

டீச்சர், உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் சிக்கனம் குறைந்துவிட்டது என்பதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அதிகாலையில் சந்தைக்கு வந்து பிச்சியும் சம்பங்கியும் எடை போடும் பையன்கள் எங்கள் கடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் அவர்கள் வயதில் அன்றாடக் கூலியில் பாதியை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இவர்கள் கூலி வாங்கிய பத்தாவது நிமிடத்தில் புரோட்டாக் கடையில் அறுபது, குளிர்பானத்துக்கு நாற்பது, கைபேசி ரீசார்ஜுக்கு முந்நூறு என்று கைபேசியிலேயே தட்டிவிடுகிறார்கள். கையில் ரூபாய் நோட்டாக இருந்தால் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணும்போது ஒரு நிமிடம் மனம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு இப்போது இடமே இல்லை. பூ விலை காலை ஐந்து மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு வேறொன்று. முகூர்த்த நாளில் கிடைத்ததை ஆடி மாதத்துக்கு எடுத்து வைக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. அதை எடுத்துச் சொன்னால் கேட்கும் மனம் அவர்களுக்கு இல்லை.

திங்கள்சந்தை இளைஞன்:

நான் டீச்சரின் மகளுடைய வயதுக்காரன். நானும் திருவனந்தபுரத்தில்தான் வேலை பார்க்கிறேன். பெரியவர்கள் அனைவரையும் மதித்து, என் கணக்கை இங்கே அப்படியே வைக்கிறேன்.

சம்பளம் பிடித்தம் போகக் கையில் 31,500. கல்விக் கடன் தவணை 6,800. தங்குமிடமும் சாப்பாடும் 7,500. வீட்டுக்கு அனுப்புவது 8,000. ரயிலும் பேருந்தும் 1,600. கைபேசி, இணையம் 700. அப்பாவுக்கு மருந்து 1,900. மீதம் 5,000. டீச்சர் அக்கம்பக்கத்தாரிடமும் பூக்கடை அண்ணாச்சி தன் கடைப் பையன்களிடமும் பார்ப்பது இந்த ஐயாயிரத்தில் நடக்கும் செலவைத்தான். சட்டை, சினிமா, பிறந்தநாள், புரோட்டா எல்லாம் இதற்குள் அடக்கம். மற்ற இருபத்தாறாயிரத்து ஐந்நூறு யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

கல்விக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பா நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரியில் படித்தார். அவர் கட்டிய கட்டணத்தை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். அதை என் தாத்தா ஒரு குலை ஏத்தன் வாழைக்காய் விற்றுக் கட்டியிருக்கிறார். நான் படித்தது சுயநிதிப் பொறியியல் கல்லூரி. நம் மாவட்டத்தில் பத்து மைல் பேருந்தில் போனால் வழியில் இரண்டு மூன்று கல்லூரிப் பலகைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் வங்கியில் கிடைக்கும் என்பதால் அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டார். நான்கு லட்சம், 11 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுகள் என்றால் மாதம் ஏறத்தாழ 6,800 வரும். நான் மொத்தம் கட்டப் போவது ஐந்தே முக்கால் லட்சம். அப்பா தன் இருபத்திரண்டாவது வயதில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். நான் அதே வயதில் பூஜ்யத்துக்கு நான்கு லட்சம் கீழேயிருந்து தொடங்கினேன். அவர் முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டிலேயே சீட்டு சேர்ந்ததை எனக்கு முன்மாதிரியாகச் சொல்லும்போது, என்னுடைய சீட்டு ஏற்கெனவே எடுத்துச் செலவழிக்கப்பட்ட சீட்டு என்பதை அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

டீச்சர் எழுதியதில் என் நெஞ்சைத் தொட்ட இடம் அந்தக் குளிர்சாதனப் பெட்டி. கடன் வாங்கி வீட்டுக்குப் பொருள் கொண்டுவருகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். நானும் அதில் ஒருவன். வேலைக்குப் போன பிள்ளை முதல் வருடத்தில் என்ன கொண்டுவந்தான் என்று நம் ஊரில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால், "கடனை அடைத்துக்கொண்டிருக்கிறேன்" என்பது அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக இன்னும் நம் ஊரில் ஏற்கப்படவில்லை.

வடசேரி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்:

தம்பி வைத்த கணக்கு மிகவும் பயனுள்ளது. முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் மூத்த தலைமுறையின் சேமிப்பைப் பற்றிச் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நாங்கள் சேமித்தோம் என்று சொல்லும்போது எப்படிப்பட்ட காற்று எங்களுக்குச் சாதகமாக வீசியது என்பதை மறந்துவிடுகிறோம்.

1988-இல் அஞ்சலகச் சேமிப்பான கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானபோது போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று அதே பத்திரத்தில் இரட்டிப்பாக 115 மாதங்கள், அதாவது ஒன்பது ஆண்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. தொண்ணூறுகளில் நிரந்தர வைப்புக்குப் பன்னிரண்டு விழுக்காடு வட்டி கொடுத்த ரசீதுகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 2000-ஆம் ஆண்டில் ஒரு பவுன் நான்காயிரம் ரூபாய்க்கும் குறைவு. 2025-இல் அது எழுபதாயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாதம் அரைக் கிராம், ஒரு கிராம் என்று சேர்த்து மகளுக்கு நகை செய்த பழைய வழி, இன்று முப்பதாயிரம் சம்பளக்காரருக்கு அடைபட்டுவிட்டது. இன்னொன்று ஓய்வூதியம். தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம் உறுதியாக இருந்தது. நம் மாவட்டத்தில் ஆசிரியர் இல்லாத தெரு அபூர்வம். அந்த உறுதியை வைத்துக்கொண்டுதான் வீடு கட்டினார்கள், கல்யாணம் நடத்தினார்கள்.

ஆனால் எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு அந்தச் சாதகமும் கிடையாது. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி 1938-இல் மூழ்கியது. பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்டது. வைப்புத்தொகைக் காப்பீடு 1962-இல்தான் வந்தது, அதுவும் 1,500 ரூபாய்க்கு மட்டும். திருவிதாங்கூர் நாணயங்களான காசும் சக்கரமும் பணமும் எண்ணிப் பழகிய அந்த மனிதர்கள் தென்னந்தோப்பிலும் பொன்னிலும் பணத்தைப் போட்டதற்கு அறிவார்ந்த காரணம் இருந்தது. அவர்கள் கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டுமே நம்பினார்கள்.

பூக்கடைக்காரர் சொன்ன தயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையில் 2023 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறு தொகைகள். நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தால் பையில் அறுபது மிச்சம் என்பது விரலுக்குத் தெரியும். கைபேசித் திரையில் ஒரு வருடலில் போகும் நாற்பது ரூபாய் அப்படித் தெரிவிப்பதில்லை. ஆகவே அவர் கவனித்தது சரிதான். ஆனால் அது பையன்களின் குணத்தைப் பற்றிய செய்தி அல்ல. எங்களுக்கும் அந்தக் கருவி இருபது வயதில் கையில் கிடைத்திருந்தால் நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம் என்று நம்புகிறேன்.

கருங்கல் வாசகி:

மூத்த தலைமுறை சேமித்தது, சேமித்தது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். யாருடைய வயிற்றிலிருந்து சேமித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் அம்மை அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை செய்தவர். வறுத்த அண்டியைத் தல்லிப் பருப்பெடுக்கும்போது தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களின் தோல் கருகிப் போகும். அந்தக் கை இன்றும் அப்படியே இருக்கிறது. சம்பளம் எடை பார்த்துத்தான். சனிக்கிழமை கையில் கிடைத்த பணத்தை அப்படியே அப்பாவிடம் கொடுப்பார். அம்மை தனக்கென்று ஒரு சாயா வாங்கிக் குடித்ததை நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னதிலிருந்து மாற்றியது வரை நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டுக்கும் வடை, பிரதமன் உட்பட மூன்று வகைப் பாயசம் என்று ஆயிரம் இலை போட்டோம். பணயம் வைத்த நகையை மீட்க ஏழு வருடம் பிடித்தது.

ஆகவே பழைய தலைமுறை செலவழிக்கவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் மொத்தமாக, ஊர் பார்க்கச் செலவழித்தார்கள். அன்றாடத்தில் பெண்கள் வயிற்றைக் கட்டினார்கள். நான் இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் ஒரு முறை எனக்குப் பிடித்த செருப்போ, நல்ல சோப்போ வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை தோழிகளோடு சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுகிறேன். இதை ஊதாரித்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. என் அம்மைக்கு மறுக்கப்பட்ட சாயாக் காசுதான் அது.

டீச்சரின் அப்பா வைத்த நோட்டு அழகான வழக்கம். ஆனால் அதில் அம்மைக்கென்று எழுதிய வரி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், டீச்சர்.

குளச்சல் மகள்:

கடற்கரையில் கதை வேறு. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டின் சிக்கனத்தை வைத்து எங்களை அளந்தால், எங்கள் தாத்தாக்களும் ஊதாரிகள், எங்கள் தம்பிகளும் ஊதாரிகள் என்றுதான் வரும். கடலுக்குப் போன வள்ளம் வெறும் வலையோடு திரும்பும் நாளும் உண்டு. ஒரு முறை வலை போட்டதிலேயே மூன்று மாதச் செலவுக்கு ஆகும் நாளும் உண்டு. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் அரிசி கடன், எண்ணெய் கடன். பலசரக்குக் கடையில் பற்றுப் புத்தகம் இருக்கும். ஆகஸ்டில் மீன் கிடைத்ததும் தாத்தா நேராக அங்கே போய் வரவு வைப்பார். வலை வாங்கவும் எஞ்சின் வாங்கவும் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால், பிடிக்கும் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கழிவு உண்டு. அந்தக் கடன் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. ஆகவே முந்தைய தலைமுறை கடனில்லாமல் வாழ்ந்தது என்று யாராவது சொன்னால், அவர்கள் கடற்கரைப் பக்கம் வந்ததே இல்லை என்றுதான் எண்ணிக்கொள்வேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். பற்றுப் புத்தகத்தின் மறுபக்கத்தில் ஒரு முகம் இருந்தது. 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் வந்து, எங்கள் ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் போன நாட்களில், கடைக்காரர் பற்றை எழுதினாரே தவிர வரவைக் கேட்கவில்லை. ஆறு மாதம் கேட்கவில்லை. என் தம்பி இப்போது வளைகுடாவில் இருக்கிறான். போவதற்கு முன் கைபேசி வழியாக ஒரு கடன் வாங்கினான். இரண்டாவது தவணை ஐந்து நாள் தாமதமானதும், தாமதக் கட்டணமும் அதற்கு வரியும் தானாகவே ஏறின. யாரிடம் போய் "மீன் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது? கடன் தருகிறவர் ஊருக்குள் இல்லை.

தக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கருங்கல் தங்கை கேட்டபடி மூன்று நோட்டுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து வாசித்தேன். அம்மைக்கென்று எழுதப்பட்டவை மொத்தம் பதினோரு வரிகள். நான்கு சேலை, இரண்டு முறை மருந்து, ஒரு ஜோடி கண்ணாடி வளையல், நான்கு முறை "அம்மை வீட்டுக்குப் போக பஸ் கூலி". மூன்று ஆண்டுகளுக்கு இவ்வளவுதான். இத்தனை நாளும் அந்தச் சுழியை அம்மையின் அதிகாரம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். அவருக்கு அந்த நோட்டில் இருந்த இடமே அவ்வளவுதான் என்பது இப்போது எனக்கு உறைக்கிறது. தங்கைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆயினும் என் முதல் கருத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. குளச்சல் மகள் எழுதியதும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: கடன் அன்றும் இருந்தது, ஆனால் அது இன்னொருவருக்குத் தெரிந்த கடனாக இருந்தது. திங்கள்சந்தைத் தம்பி வைத்த கணக்கை அவர் தன் வீட்டில் வைத்திருக்கிறாரா என்று கேட்க விரும்புகிறேன். முகம் தெரியாத எங்களிடம் இவ்வளவு தெளிவாக எழுத முடிகிற பிள்ளை, அப்பாவிடம் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்கள் பெற்றோராகிய நாங்கள்தான். என் மகளிடம் நான் ஒருபோதும் "உன் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது?" என்று கேட்டதில்லை. "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டேன். "எப்போது நகை எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

அவளும் நானும் இப்போது கடன்களை அடைக்கத் திட்டமிடுகிறோம். மூன்றில் ஒன்று கடன் அட்டை நிலுவை, 40,000. ஒன்று செயலிக் கடன், 46,000. ஒன்று அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் "வட்டியில்லாத் தவணை", மீதி 24,000. என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரம் தரலாம் என்று நினைக்கிறேன். எதை முதலில் அடைப்பது? வடசேரி சார் வழிகாட்ட வேண்டும்.

குலசேகரம் பால்வெட்டு:

நானும் அதையே கேட்க நினைத்தேன். ரப்பர் 2011-இல் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டி நின்றபோது நாங்கள் வீட்டுக்கு மேல் மாடி எடுத்தோம். 2016-இல் நூறுக்கும் கீழே வந்தபோது அந்த மாடிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வழியில்லை. நல்ல விலையை நிரந்தரம் என்று நம்பியது எங்கள் அப்பாதான், நாங்கள் அல்ல. மழை நாளில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. என் அண்ணன் மகன் கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, தவறாமல் கட்டுகிறேன் என்கிறான். அது சரியா?

வடசேரி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்:

குலசேகரத்து அன்பருக்கு முதலில். அட்டை நிலுவை 40,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மூன்றரை விழுக்காடு என்பது பல அட்டைகளில் வழக்கம். அது 1,400 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 252. ஆக 1,652. குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு என்றால் 2,000 கட்டுகிறார். கடனில் கழிவது 348 ரூபாய் மட்டும். அதோடு, முந்தைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். உங்கள் அண்ணன் மகன் நேர்மையாகத்தான் கட்டுகிறார். ஆனால் அவர் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது என்பதை அவருக்கு இப்படி எண்ணிக் காட்டுங்கள்.

டீச்சர், அந்த ஐம்பதாயிரத்தில் முதலில் அட்டை நிலுவை முழுவதையும் அடையுங்கள். மீதிப் பத்தாயிரத்தைச் செயலிக் கடனில் முன்கூட்டிச் செலுத்த முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் தவணை அப்படியே ஓடட்டும். வட்டியில்லாத் தவணை என்பதில் உண்மையில் வட்டி இல்லாமல் இல்லை. கடையோ நிறுவனமோ தரக்கூடிய தள்ளுபடியே வட்டிக்கு ஈடாகப் போய்விடுகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அந்தச் செலவு முன்பே கொடுத்தாகிவிட்டது; அவசரமாக அடைப்பதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

உங்களை அழைத்துப் பணம் கேட்டவரைப் பற்றி: 2022 செப்டம்பர் முதல் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள விதிகளின்படி, கடன் செயலிகள் கடன் வாங்கியவரின் கைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் எடுக்கக் கூடாது. மகள் உங்கள் எண்ணைத் தானே குறிப்பிட்டுக் கொடுத்தாரா, இல்லையா என்று கேளுங்கள். கொடுக்காமல் இருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒவ்வொரு கடனும் முடியும்போது நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம்; முடித்த கடன் முடிந்ததாகவே அதில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

திங்கள்சந்தை இளைஞன்:

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, வீட்டில் காட்டியதில்லை. நேற்று ஊருக்கு வந்திருந்தேன். சாப்பிட்ட பிறகு மூன்று மாத வங்கி அறிக்கையை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பென்சில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் மட்டும் நின்று, 149 ரூபாய் மாதாமாதம் போகிறதே, இது என்ன என்று கேட்டார். நான் ஒரு வருடத்துக்கு முன் சேர்ந்து, அதன் பிறகு ஒரு நாளும் பார்க்காத ஒரு படச் செயலியின் சந்தா அது. பிறகு அவருடைய மருந்துச் செலவு இருந்த வரிக்கு வந்தார். அதில் நெடுநேரம் பென்சிலை வைத்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு எட்டாயிரம் வேண்டாம், ஆறு போதும், மீதியைக் கல்விக் கடனில் கட்டு என்றார். நான் மறுத்தேன். இன்னும் முடிவாகவில்லை, அம்மா என் பக்கம் இருக்கிறார்.

தக்கலை டீச்சர்:

அட்டை நிலுவை இன்று காலையில் கட்டி முடித்தோம். தொடர்புப் பட்டியல் விஷயத்தை மகளிடம் கேட்டேன்; என் எண்ணை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. புகார்க் கடிதத்தை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். முப்பது நாள் ஆனதும் இங்கே வந்து எழுதுகிறேன்.